புதிதாக வாங்கிய கிளாக் 19: கைக்குப் பழகும் வரை

பிளேனோவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. சொந்த ஊர் வத்தலக்குண்டு. பதினாறு வருடமாக டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் இருக்கிறோம். போன வருடம் குடியுரிமை வந்தது. இரண்டு வாரம் முன்னால் என் முதல் கைத்துப்பாக்கியை வாங்கினேன்: கிளாக் 19, ஜென் 5 (ஐந்தாம் தலைமுறை).

வாங்குவதற்கு முன்பு ஆறு மாதம் ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் பயிற்சிக் களத்தில்) வாடகைக்கு எடுத்துப் பல மாடல்களைச் சுட்டுப் பார்த்தேன். கிளாக் 17 சுடுவதற்குச் சுகம்தான், ஆனால் இடுப்பில் வைத்தால் பிடி சட்டையைத் தூக்கிக் காட்டுகிறது. 26 ரொம்பச் சின்னது, என் சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பது 19. குழல் 102 மில்லிமீட்டர், மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) 15 ரவுண்டு, அதாவது தோட்டா, காலியாக எடுத்தால் சுமார் 600 கிராம். கையில் வாங்கிய உடனே எனக்குப் பிடித்துவிட்டது.

கடையில் 4473 படிவத்தை (துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பும் மத்திய அரசுப் படிவம்) நிரப்பினேன், பின்னணிச் சரிபார்ப்பு அரை மணிக்குள் முடிந்தது. பெட்டிக்குள் மூன்று மேகசின், பிடியின் முதுகில் மாட்டும் பட்டைகள், தோட்டா நிரப்ப ஒரு லோடர், சுத்தம் செய்யும் கம்பி, பிரஷ், ஒரு கேபிள் பூட்டு. ஸ்லைடை (பிடிக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி) கழற்றிப் பார்த்தால் உள்ளே செம்பு நிறத்தில் பசை மாதிரி ஏதோ தடவியிருந்தது. அழுக்கென்று துடைக்கப் போனேன். நல்லவேளை, கையேட்டைப் படித்தேன். புதுசில் உரசும் இடங்களுக்காகத் தொழிற்சாலையிலேயே வைத்தது, எடுக்காதே என்று போட்டிருக்கிறது.

போன சனிக்கிழமை முதல் 100 ரவுண்டு. 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு), சாதாரணப் பயிற்சித் தோட்டா. பிரச்சினைகள் இவை:

7 கஜத்தில் சுட்டால் எல்லாம் நடுவுக்குக் கீழே, இடப்பக்கமாகப் போகிறது. நான் வலக்கைக்காரன். கடைசி ரவுண்டு போனதும் ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும் அல்லவா? ஒரு மேகசினில்கூட நிற்கவில்லை. ஒரு தடவை காலித் தோட்டா வெளியே வராமல் ஸ்லைடுக்கு நடுவில் புகைபோக்கி மாதிரி நின்றுகொண்டது. மேகசினில் 15-வது ரவுண்டை என் கட்டைவிரலால் அமுக்கவே முடியவில்லை.

வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான். துப்பாக்கியைவிட அவனைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் முதல் 500 கிலோமீட்டர் பார்த்துப் பார்த்து ஓட்டுவோமே, அந்த மாதிரி இதோடு எப்படிப் பழகுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மலைக்கோட்டை_பத்துமீட்டர்

வாழ்த்துகள். நான் திருச்சியில் ஏர் பிஸ்டலும் .22-உம் சுடுகிறவன், 9 மி.மீ. தொட்டதில்லை. இங்கே அது தடை செய்யப்பட்ட காலிபர் (குழலின் உள்விட்ட அளவு), எங்களுக்கு உரிமம் கிடைக்காது. ஆனால் டிரிகர் விஷயம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதான்.

கீழே இடப்பக்கம் போவது குறியின் கோளாறு இல்லை, கையின் கோளாறு. டிரிகரை அமுக்கும்போது ஆள்காட்டி விரலோடு சேர்ந்து மற்ற மூன்று விரலும் இறுகுகின்றன. பால் கறப்பது போல. அதனால் துப்பாக்கியின் மூக்கு கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பும். அதோடு வெடிக்கப் போகிறது என்று மனசுக்கு முன்னாலேயே தெரிந்து, கை அதிர்ச்சியைத் தாங்க முந்திக்கொண்டு தள்ளும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் டிரிகரை அமுக்கத் தேவையான விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும், 25 மீட்டரில் 1000 கிராம். உங்கள் கிளாக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ! துப்பாக்கியின் எடை அறுநூறு கிராம், அதன் டிரிகரோ அதைப் போல நாலு மடங்கு. விரல் தனியாக நகரக் கற்றுக்கொள்ளாவிட்டால் மொத்தத் துப்பாக்கியும் கூடவே நகரத்தான் செய்யும்.

மருந்து: வீட்டில் வெற்றுச் சுடல், அதாவது தோட்டா இல்லாமல் டிரிகரை அமுக்கிப் பழகுவது. தினமும் பத்து நிமிடம் போதும். முன்குறியின் மேல் ஒரு பத்து சென்ட் நாணயத்தை நிற்க வைத்து, அது விழாமல் டிரிகரை முடிக்க வேண்டும். பார்வை முன்குறியில் இருக்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். டிரிகரை முழுக்க விட்டுவிடாதீர்கள். பின்னாலேயே அமுக்கிப் பிடித்தபடி ஸ்லைடை ஒரு தடவை இழுத்து விடுங்கள், பிறகு டிரிகரை மெல்ல முன்னால் விடும்போது ஒரு இடத்தில் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும், அங்கிருந்தே அடுத்த அமுக்கல். அந்த 'டிக்' உங்கள் விரலுக்கு மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி கிணறு தாண்டினீர்கள்.

---

சுபேதார்_ஓய்வு

தம்பி, மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா வெற்றுச் சுடல்னு சொன்ன உடனே நான் குறுக்கே வரணும். வெற்றுங்கிறதை யார் முடிவு பண்றது? நீயா, உன் ஞாபகமா?

நான் ராணுவத்தில 28 வருஷம். எங்களுக்குக் கொடுத்தது 9 மி.மீ. 1ஏ பிஸ்டல், இஷாபூர் தொழிற்சாலையில செஞ்சது, 13 ரவுண்டு மேகசின். ஒரு அறையில பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும், ஆயுதம் கை மாறுற ஒவ்வொரு தடவையும் வாங்குறவன் திறந்து பார்ப்பான். கொடுக்கிறவன் கண்ணெதிரே திறந்து காட்டியிருந்தாலும் பார்ப்பான். அதில அவனுக்கு அவமானம் கிடையாது, எங்களுக்கும் கிடையாது.

வரிசை இதுதான், மாத்தாதே. மூக்கு ஆபத்தில்லாத பக்கம். விரல் டிரிகருக்கு வெளியே, துப்பாக்கிச் சட்டத்தோட (ஃபிரேமோட) ஒட்டி. முதல்ல மேகசினை எடு. அப்புறம் ஸ்லைடை மூணு தடவை இழு. நிறுத்திப் பிடி. உள்ளே தோட்டா நிக்கிற அறையைக் கண்ணால பார். அப்புறம் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார். கண்ணு பார்க்காம விட்டதை விரல் சொல்லும். இருட்டிலயும் சொல்லும்.

உன் துப்பாக்கிக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம், ஏன்னா கிளாக்கைக் கழற்றணும்னா டிரிகரை அமுக்கியாகணும். கழற்றுற முறையிலேயே டிரிகர் இருக்கு. தோட்டா பெட்டி அந்த அறையிலயே இருக்கக் கூடாது.

---

ஆஸ்டின்_அமைதி

சுபேதார் ஐயா சொன்ன வரிசையை மாத்தினவன் நான். எட்டு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, இந்தப் புது நண்பருக்காக எழுதுறேன்.

துப்பாக்கி வேற, ஆனா இதே மாதிரி டிரிகரை அமுக்கிக் கழற்றுற வகை. ராத்திரி ஒன்பது மணி. படுக்கையில உட்கார்ந்து சுத்தம் பண்ண எடுத்தேன். முதல்ல ஸ்லைடை இழுத்தேன். உள்ளே இருந்த ரவுண்டு துள்ளி மெத்தையில விழுந்தது, பார்த்தேன், எடுத்து ஓரமா வச்சேன். "காலி"ன்னு மனசு எழுதிக்கிச்சு. அப்புறம்தான் மேகசினை எடுத்தேன். ஸ்லைடு திரும்பி வந்தப்போ மேகசின்ல இருந்து அடுத்த ரவுண்டை எடுத்துத் துப்பாக்கியோட தோட்டா அறைக்குள்ள வச்சிடுச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல. கழற்றணும்னு டிரிகரை அமுக்கினேன்.

அந்தச் சத்தம் ரேஞ்சுல கேக்குற சத்தம் இல்ல. துணி அலமாரி, ரெண்டு ஜிப்சம் சுவர் எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போயி குளியல் தொட்டி ஓரத்துல குண்டு நின்னுச்சு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் மனைவி அங்கதான் எங்க பொண்ணைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தா.

மேகசின் முதல்ல. அவ்வளவுதான். இதை உங்க பெட்டி மூடியில எழுதி ஒட்டுங்க.

---

பிளேனோவாசி

ஆஸ்டின் நண்பரே, இதை எழுத எவ்வளவு மனம் வேண்டும் என்று புரிகிறது. நன்றி. படித்ததும் எழுந்து போய், பெட்டகத்தில் இருந்த துப்பாக்கியை எடுத்து அதே வரிசையில் பார்த்தேன். காலியாகத்தான் வைத்திருந்தேன் என்று நிச்சயமாகத் தெரிந்தும் பார்த்தேன்.

---

ஹூஸ்டன்_செவிலி

தம்பி, உங்க ஸ்லைடு ஏன் நிற்கலைன்னு எனக்குத் தெரியும், ஏன்னா எனக்கும் அதே கதைதான். ரெண்டு கட்டைவிரலையும் முன்னால நீட்டிப் பிடிக்கிறீங்களா? வகுப்பில அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாங்க, சரியான பிடிதான். ஆனா 19-ல வலக்கைக் கட்டைவிரல் நேரா ஸ்லைடு நிறுத்தத்து மேலே போய்ப் படுத்துக்கும். மேகசின் காலியானதும் அந்தச் சின்ன நெம்புகோல் மேலே எழும்பணும். நீங்க அமுக்கிப் பிடிச்சிருந்தா எப்படி எழும்பும்? ஜென் 5-ல அது ரெண்டு பக்கமும் இருக்கு, அதனால வலப்பக்கத்துலயும் விரல் எதுவும் அது மேல படாம பார்த்துக்கணும். வலக்கைக் கட்டைவிரலை இடக்கையின் அடிப்பகுதி மேல கொஞ்சம் வெளியே சாய்ச்சு வைங்க. அடுத்த மேகசின்லயே நிற்கும்.

புகைபோக்கி மாதிரி நின்னதுக்குக் காரணம் மணிக்கட்டு. கை தளர்வா இருந்தா சட்டமும் ஸ்லைடோட சேர்ந்து பின்னால வந்துடுது. ஸ்லைடு முழு தூரம் போகாம பாதியில திரும்புது, காலித் தோட்டா மாட்டிக்குது. மேகசின் அடியில ஓங்கித் தட்டி, ஸ்லைடை முழுசா இழுத்து விட்டா போயிடும். ஸ்லைடை விடும்போது கையைக் கூடவே கொண்டு போகாதீங்க, பொத்துனு விடுங்க.

எனக்கு மணிக்கட்டு வலி உண்டு, முதல் மாசம் ஸ்லைடை இழுக்கவே முடியல. ஒரு பயிற்சியாளர் அம்மா சொன்னாங்க: இடக்கையால இழுக்காதே, ஸ்லைடை அப்படியே பிடிச்சுக்கிட்டு வலக்கையால துப்பாக்கியை முன்னால தள்ளு. நெஞ்சுக்குப் பக்கத்துல வச்சுத் தள்ளினா உடம்பு வேலை செய்யும், விரல் இல்ல.

15-வது ரவுண்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. புது ஸ்பிரிங். பெட்டியிலேயே லோடர் கொடுத்திருக்காங்களே, அதைப் பயன்படுத்துங்க.

இன்னொண்ணு, இதை நான் நர்ஸா சொல்றேன். ரேஞ்சுலருந்து வந்த உடனே பையனைத் தூக்காதீங்க. உள்ளரங்க ரேஞ்சுல ஈயத் தூசி கையில, சட்டையில, தலைமுடியில எல்லாம் இருக்கும். குளிர்ந்த தண்ணியும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவுங்க. செருப்பை வெளியே விடுங்க, துணியைத் தனியாத் துவைங்க. சின்னக் குழந்தைகளுக்கு ஈயத்துல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

---

ஸ்காபரோ_யாழ்

வணக்கம். கனடாவிலயிருந்து எழுதுறன். நீங்கள் 102 மில்லிமீட்டர் எண்டு எழுதினதைப் பார்த்ததும் ஒண்டு சொல்ல வேணும் போல கிடந்தது. இஞ்ச 105 மில்லிமீட்டரும் அதுக்குக் குறைவுமான குழல் உள்ள கைத்துவக்கு எல்லாம் தடை. அதுக்காகவே 106 மில்லிமீட்டர் குழலோட கனடாவுக்கெண்டு ஒரு 19 செய்து வித்தவை. நான் ரேஞ்சில சுட்டது அதைத்தான். 2022 ஒக்டோபரோட கைத்துவக்கு வாங்குறது விக்கிறது எல்லாத்தையும் நிப்பாட்டிப் போட்டினம்.

நான் பிறந்த ஊரில துவக்குச் சத்தம் கேட்டால் அம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழ தள்ளுவா. முப்பது வருசம் கழிச்சு முதல் தடவை ரேஞ்சுக்குப் போன நாள், பக்கத்துப் பாதையில ஆரோ சுட்ட உடன நான் குந்தீட்டன். பயிற்றுநர் ஒண்டும் சொல்லேல்ல, பக்கத்தில வந்து நிண்டார். பிறகு ஒரே ஒரு தோட்டா போட்டுத் தந்தார். ஒண்டைச் சுட்டுப் போட்டு, துவக்கைக் கீழ வைச்சு, மூச்சு விட்டு, பிறகு அடுத்தது. அண்டைக்கு மொத்தம் பத்துத்தான். ஆனால் அந்தப் பத்தும் எனக்கு நினைவிருக்கு. ஒரு நாளில நூறு சுடவேண்டிய தேவையில்லை தம்பி.

---

புது_விசா

நானும் டல்லாஸ்தான். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா? நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் எடுத்துச் சுடலாமா?

---

கொலராடோ_காற்று

புது_விசா, அவசரப்படாதீங்க. கிரீன் கார்டு இருந்தா வாங்கலாம். எச்-1பி மாதிரி குடியேற்றம் சாராத விசாவில வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறதே மத்திய சட்டப்படி குற்றம். ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில இருந்தா விதிவிலக்கு உண்டு. ரேஞ்சுல வாங்கிச் சுடுறதும் கையில வச்சிருக்கிற கணக்குல வரலாம். தப்பாப் போனா துப்பாக்கி மட்டும் போகாது, விசாவும் போகும். வக்கீல்கிட்ட ஒரு மணி நேரம் பேசிட்டுச் செய்யுங்க.

பிளேனோவாசிக்கு: எண்ணெய் விஷயத்துல நம்ம ஆளுங்க தோசைக்கல்லுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறாங்க. கிளாக்குக்கு அது ஆகாது. சட்டத்துல ஸ்லைடு ஓடுற நாலு தண்டவாளத்துக்கும் ஒவ்வொரு சொட்டு, குழலுக்கு வெளியே லேசாத் தடவல், அப்புறம் முக்கியமா டிரிகர் பட்டையும் கனெக்டர்ங்கிற சின்னத் தகடும் உரசுற அந்த மூலையில ஒரே ஒரு சொட்டு. ஃபயரிங் பின் (தோட்டாவை அடிச்சு வெடிக்க வைக்கிற ஊசி) போற துளைக்குள்ள எண்ணெய் போகவே கூடாது. அழுக்கும் எண்ணெயும் சேர்ந்து பசையாயிடும், பின் மெதுவா அடிக்கும். ஸ்லைடுல தோட்டாவோட பின்பக்கம் ஒட்டி நிக்கிற பிரீச் முகத்தைத் தேய்க்கும்போது ஸ்லைடோட மூக்கைக் கீழே பார்த்துப் பிடிச்சுத் தேய்ங்க, வழியறது அந்தத் துளைக்குள்ள இறங்காது.

தோட்டா: 115 கிரெய்ன்ல பழகுங்க, சரி. ஆனா வீட்டுக்குன்னு வைக்கப் போற ஹாலோ பாயிண்ட் (நுனியில குழி உள்ள குண்டு) எதுவோ, அதையும் ஒரு ரெண்டு பெட்டியாவது இதே துப்பாக்கியில, இதே மேகசின்கள்ல சுட்டுப் பார்த்துட்டு நம்புங்க. மேகசினுக்கு 1, 2, 3-ன்னு எண் போட்டுடுங்க. ஏதாவது மாட்டினா எந்த மேகசின்னு எழுதி வைங்க. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தா கோளாறு துப்பாக்கியில இல்லன்னு அர்த்தம்.

எப்பவாவது 'டுப்'புன்னு சத்தம் குறைவா வந்தா, அதிர்ச்சியும் இல்லாம இருந்தா, அடுத்ததைச் சுடாதீங்க. குண்டு குழலுக்குள்ளேயே நின்னிருக்கலாம். டிரிகர் அமுக்கியும் வெடிக்கலைன்னா இலக்கு பக்கமே மூக்கை வச்சு முப்பது நொடி காத்திருங்க.

---

காரைக்குடி_ஆசிரியை

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கேள்வி, கோபத்தில் கேட்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இது எதற்கு? குளியல் தொட்டிக் கதையைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அண்ணன் மகனும் அமெரிக்காவில்தான் இருக்கிறான், அவனும் வாங்கப் போவதாகச் சொல்கிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

---

பிளேனோவாசி

அம்மா, கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வருடம் முன்னால் நள்ளிரவில் எங்கள் பின்கதவை ஒருவன் உடைத்துக்கொண்டு இருந்தான். போலீஸ் வரும் வரை பதினொரு நிமிடம், நானும் மனைவியும் பையனைப் பிடித்துக்கொண்டு குளியலறையில் உட்கார்ந்திருந்தோம். அவன் உள்ளே வராமலே ஓடிவிட்டான். அந்தப் பதினொரு நிமிடம்தான் காரணம். துப்பாக்கி இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அன்று கையில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது எனக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

குழந்தை விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி கிடைத்துவிட்டால், பாதுகாக்காமல் வைத்தவரை டெக்சாஸ் சட்டமே குற்றவாளி ஆக்குகிறது. எண் பூட்டுள்ள பெட்டகம் சுவரோடு போல்ட் போட்டிருக்கிறது. உங்கள் அண்ணன் மகனிடம் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. துப்பாக்கிக்கு முன்னால் பெட்டகத்தை வாங்கச் சொல்லுங்கள்.

---

சுபேதார்_ஓய்வு

டீச்சரம்மா கேட்டது சரி, தம்பி சொன்ன பதிலும் சரி. பெட்டகத்தோட விட்டுடாதே. பையனுக்கு நாலு வார்த்தை சொல்லிக் கொடு: எங்கே பார்த்தாலும் நில்லு, தொடாதே, அங்கிருந்து போ, பெரியவங்ககிட்ட சொல்லு. உன் வீட்டில இல்ல, நண்பன் வீட்டில பார்த்தாலும் இதேதான். மனைவிக்கும் காலி பண்ணத் தெரியணும். சுடத் தெரியாட்டிப் பரவாயில்லை, காலி பண்ணத் தெரியணும்.

இடுப்பில வச்சுப் போறதுன்னா உறை டிரிகரை முழுக்க மூடணும். உன் துப்பாக்கியில கையால போடுற சேஃப்டி கிடையாது, டிரிகர் நடுவில இருக்கிற அந்தச் சின்ன நாக்குதான். சட்டை நுனியோ, ஜாக்கெட் கயிறோ உள்ளே மாட்டினா அது விரலுக்கும் துணிக்கும் வித்தியாசம் பார்க்காது. உறைக்குள்ள திரும்ப வைக்கும்போது யாரும் உன்னைத் துரத்தல. குனிஞ்சு பார்த்து, மெதுவா வை.

---

பிளேனோவாசி

நாலு வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன். மொத்தம் 310 ரவுண்டு.

கட்டைவிரலை நகர்த்தினேன் அக்கா, முதல் மேகசினிலேயே ஸ்லைடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. புகைபோக்கி ஒரே ஒரு தடவை, 2-ஆம் எண் மேகசினில், 180-ஐ ஒட்டி. கை களைத்திருந்தது. அதோடு அன்று நிறுத்திவிட்டு வந்தேன்.

இடப்பக்கம் கீழே போவதற்கு ரேஞ்சில் ஒரு பெரியவர் வழி காட்டினார். என் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் இரண்டு பிளாஸ்டிக் போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தார். முதல் மூன்றும் வெடித்தன. நான்காவது வெறும் 'கிளிக்'. வெடிக்காத அந்த ஒரு நொடியில் துப்பாக்கியின் மூக்கு கோழி கொத்துவது போலச் சடக்கென்று கீழே போனதை என் கண்ணாலேயே பார்த்தேன். இவ்வளவு நாளும் வெடிச் சத்தம் அதை எனக்கு மறைத்து வைத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு மேகசினிலும் மனைவிதான் போலியைக் கலந்து தருகிறாள். போன சனிக்கிழமை ஏழு போலியில் ஐந்துக்கு மூக்கு அசையவில்லை. 7 கஜத்தில் பத்து ரவுண்டு என் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன, நடுவில்.

ஸ்காபரோ அண்ணா சொன்னபடி ஒரு நாளைக்கு 70-க்கு மேல் சுடுவதில்லை. வெற்றுச் சுடல் தினமும், பையன் தூங்கிய பிறகு, செங்கல் சுவர் பக்கமாக. தோட்டா எல்லாம் கராஜில் பூட்டி இருக்கிறது. அந்த 'டிக்' இப்போது விரலுக்குத் தெரிகிறது.

நேற்று மனைவி முதல் தடவையாகத் தானே எடுத்துக் காலி செய்தாள். மேகசின், மூன்று இழுப்பு, கண், சுண்டுவிரல். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் வாங்கியதும் திறந்து பார்த்தேன். "நான்தான் பார்த்தேனே" என்று அவள் சொல்லவில்லை.

---

சுபேதார்_ஓய்வு

நல்லது. அடுத்த வாரம் 10 கஜத்துக்குப் போ. போலியை அவங்களே கலக்கட்டும்.